பெட்டிக்குள் காற்று போன வழி

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் பாதி நேரம் ஸ்க்ரூ டிரைவரோடு போகும், மீதி நேரம் புழுதி ஊதுவதில் போகும். தொண்ணூறுகளில் ஓசூர்ப் பக்கம் இந்த வேலை பார்த்து, ராத்திரி சோற்றிலும் கரும்புழுதி ருசித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இனிச் சொல்லப்போவது மூக்கண்டப்பள்ளியை ஒட்டிய ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில், வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீஸில் இருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டர் பெட்டியால் வந்த வினை.

பெங்களூர்க் குளிர்

அந்தப் பெட்டி தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தானாக நின்றுவிடும். திறந்து பார்த்தால் பிராசஸர் தலைமேல் ஒரு குட்டி ஃபேன், பவர் சப்ளையில் ஒன்று, அவ்வளவுதான். சூடு வெளியே போக வழியில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வார்ப்பைத் தேய்க்கும் கிரைண்டிங் ஷாப் வேறு. கேபினெட்டுக்கு இன்னும் இரண்டு ஃபேன் வேண்டும் என்று மானேஜரிடம் எழுதிக் கொடுத்தேன்.

மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார்: "இந்த ஊருக்கு வந்தா மனுஷனே நடுங்குறான், உன் பெட்டிக்கு எதுக்குய்யா ஃபேன்?"

ஊதுபத்தி

சம்பளப் பட்டியல் அடிக்கும்போதே பெட்டி படுத்துவிட்ட பிறகுதான் ஃபேன் வந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டினேன். சூடு குறையவே இல்லை. டைம் ஆபீஸ் கிளார்க் மஞ்சுளா, கன்னடத்துக்காரப் பெண், சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தியைக் கொண்டுவந்து முன்பக்கம் காட்டினார். புகை உள்ளே போகாமல் என் முகத்துக்கே வந்தது. இரண்டு ஃபேனையுமே வெளியே ஊதும்படி மாட்டியிருக்கிறேன்! வெட்கத்தோடு முன்னால் இருந்ததைத் திருப்பிப் போட்டேன். புகை முன்பக்கம் நுழைந்து, ஹார்டு டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டு, பின்பக்கம் ஒழுங்காக வெளியேறியது.

இதையெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாகப்பா, இரும்பு உருக்கும் ஃபர்னஸில் கான்ட்ராக்ட் ஆள். கெலமங்கலம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை செய்தால் பர்மனென்ட் ஆக்க வேண்டும் என்பது சட்டம். சனிக்கிழமை தவறாமல் வந்து தன் நாள் எத்தனை என்று மஞ்சுளாவிடம் கேட்பார். அன்றைக்கு நானூற்று நாற்பத்தைந்து. பழைய வருகை அட்டைகளைக் கம்ப்யூட்டர் வந்ததுமே எடைக்குப் போட்டுவிட்டதால், அவருடைய நாளெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அதனால் பெட்டிமேல் அவருக்கு என்னைவிட அக்கறை.

"எங்க ஃபர்னஸ் காயிலு சூடாகாம இருக்கத் தண்ணி ஓடுதுங்க சார், இதுக்கும் கொஞ்சம் தண்ணி விட முடியாதுங்களா? இன்னும் முப்பத்தஞ்சு நாள்தான்."

ஆயுத பூஜை

பூஜையன்று நானும் போயிருந்தேன். லேத், கிரைண்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பெட்டிக்குச் செவ்வந்தி மாலை. முன்பக்கக் காற்றுத் துளைகளின் மேலேயே தொங்கியது. நான் பார்த்தேன். ஃபேன் இழுக்கும் பக்கம் அது என்று எனக்குத் தெரியும். ஆனால் கையில் பொரிப் பொட்டலம், எதிரே மானேஜர், சுற்றி நல்ல நாள். இரண்டு நாள் லீவுதானே, அப்புறம் எடுத்துவிடுவார்கள் என்று பொரியை மென்றுகொண்டே வந்துவிட்டேன்.

எடுக்கவில்லை. காய்ந்த மாலையோடு ஒரு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். இதழும் நாரும் துளை வழியாக உள்ளே இழுபட்டு ஃபேனைச் சுற்றிக்கொண்டு, ஃபேன் நின்று, அதன் பின்னால் இருந்த ஹார்டு டிஸ்க் வெந்துபோயிருந்தது. மஞ்சுளா அழுதார்.

"பூஜை மாலை சார், அதுவா உதிரணும். நாம கழட்டினா கம்பெனிக்கு ஆகாதுன்னாங்க."

புது டிஸ்க்

காப்பி எடுத்து வைத்த ஃப்ளாப்பிகளைப் போட்டுப் பார்த்தேன். புழுதி கீறி ஒன்றுகூடப் படிக்கவில்லை. மானேஜர் முகத்தில் வருத்தம் இல்லை. சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'மின்தடையால் பழுது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். என் மேல் எனக்கே எரிச்சலாக வந்தது. ரெக்கார்டு இல்லாததால் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நாள் மறுபடி ஒன்றிலிருந்து என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

சனிக்கிழமை நாகப்பா வந்தார். மஞ்சுளா திரையைப் பார்த்து, மெதுவாக "ஆறு" என்றார். அவருக்கு வர வேண்டியது நானூற்று எழுபத்தெட்டு. கத்துவார் என்று நினைத்தேன், திட்டினால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு புது ஃபேன் சுற்றுவதையே பார்த்தார். சூடு அதிகமானதால் பெட்டிக்கு எல்லாம் மறந்துபோச்சு என்று நான்தான் ஏதோ உளறினேன்.

"எங்க ஃபர்னஸ்கிட்ட ஒரு ஃபேனும் இல்லீங்க சார். ஒரு நாள்கூட எனக்கு மறக்கலைங்களே."

எந்த ஃபேனை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது இன்றைக்கு எனக்கு அத்துப்படி, பொரி மென்ற வாயை எப்போது திறக்க வேண்டும் என்பதுதான் கடைசிவரை பிடிபடவில்லை.