மூணு வருசம் ஓடும்ங்க

நீளமான திருப்புளியின் நுனியை ஓடும் மோட்டாரின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு பொருத்திக் கண்களை மூடிக்கொள்கிறார் கோவிந்தராஜுலு. பட்டறையில் பேச்சு நின்றுவிட வேண்டும். மோட்டாரைக் கொண்டுவந்தவர் செருமினால்கூட ஒரு கண் மட்டும் திறந்து முறைக்கும். பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து மோட்டாரின் முதுகில் ஓர் எண் எழுதுவார்.

"மூணு வருசம் ஓடும்ங்க. அப்புறம் பேரிங் போயிரும்."

சிங்காநல்லூரில் அந்தப் பட்டறைக்கு முப்பத்தெட்டு வயது. எண் தப்புவது அபூர்வம். தப்பினால் குற்றம் மோட்டாருடையது. "நான் செரியாத்தானுங்க சொன்னேன். அதுதான் கேக்கல."

போன ஆவணியில் சிறுநீரில் ரத்தம் வந்தது. நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீர்ப்பையில் கட்டி, புற்று. சிறுநீர் வரும் வழியாகவே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். திரும்ப வருகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே கேமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்றார்கள். மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது. கழற்றப்படும் மோட்டாராக இருப்பதில்தான்.

சுரண்டியதில் ஒரு துணுக்கை, அவரிடம் கையெழுத்து வாங்கி, ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார் டாக்டர் மோகனப்பிரியா. உடம்பின் காவல் அணுக்களில் எவையெல்லாம் கட்டிக்குள் புகுந்திருக்கின்றன, அவற்றில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று அளந்து, கட்டி திரும்புமா என்று கணிக்கிற வேலை. விஷயம் தெரிந்ததிலிருந்து கோவிந்தராஜுலு வாரம் தவறாமல் டாக்டரின் அறைவாசலில் நின்றார். தொழில் போட்டி.

"ஏனுங்க அம்மணி, உள்ள சத்தம் எப்படி இருக்குதுங்க?"

தொல்லை தாங்காமல் டாக்டர் சொல்லிவிட்டார். "நல்லாத்தான் வந்திருக்குதுங்க ஐயா. இந்த மாதிரி வந்த நூறு பேருல எழுபத்தஞ்சு பேருக்கு மூணு வருசத்துல திரும்பல."

"அந்த நூத்துல நான் எத்தனாவது ஆளுங்க?"

"அது தெரியாதுங்களே."

"ஆளத் தெரியாம கூட்டத்துக்கே ஜோசியமாக்கும்? நானெல்லாம் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியாச் சொல்லிப்போடுவேனுங்க."

"அதனாலதானுங்க இது இன்னும் ஆராய்ச்சியாவே இருக்குது. கேமரா பாக்கறத மட்டும் நிறுத்திப்போடாதீங்க."

கடைசி வாக்கியம் அவர் காதில் ஏறவில்லை. மூன்று வருடம் மட்டும் ஏறியது. "நம்மளுக்கு உள்ளுக்குள்ள வாட்ச்மேனுக நெறையப் பேருங்க. ஒருத்தனும் தூங்கறதில்லியாமா" என்று பட்டறைக்கு வருபவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த பரிசோதனை பதினான்காம் தேதி. அன்றைக்கே மதுக்கரையில் ஒரு பம்ப் இறக்கித் தருவதாக ஒப்புக்கொண்டார்.

அவர் மனைவி பங்காரம்மா சண்டை போடவில்லை. பதின்மூன்றாம் தேதி பட்டறைக்குச் சோறு கொண்டுவந்தவர், மோட்டாருக்காகக் காத்திருந்த நஞ்சப்பனைக் காட்டிக் கேட்டார்: "ஏனுங்க, மூணு வருசம்னு எளுதிட்டீங்கல்லொ, இவரு அதுவரைக்கும் இதக் கழட்டியே பாக்க வேண்டாமுங்களா?"

"என்ன பேச்சுப் பேசறே? வருசா வருசம் கழட்டிப் பாத்தாத்தான் அந்த மூணு வருசம். சும்மா உட்டா சாக்பீஸா காப்பாத்தும்? உள்ள காயில் கம்பி பொகைஞ்சு போயிரும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. நஞ்சப்பன் கூரையைப் பார்த்தார்.

பங்காரம்மா திருப்புளியை எடுத்தார். நுனியைப் பதமாகக் கணவரின் தொப்புளுக்குக் கீழே வைத்து, குனிந்து, பிடியில் காதைப் பொருத்திக் கண்களை மூடிக்கொண்டார்.

"ஏய், கஸ்டமர் இருக்காங்க..."

"பேசாம நில்லுங்க. சத்தம் கேக்கோணுமல்லொ."

பிறகு கணவரின் சட்டைப் பையிலிருந்தே சாக்பீஸை உருவி, அவரைத் திருப்பி நிறுத்தி, காக்கிச் சட்டையின் முதுகில் பெரிதாக எழுதினார்: நாளை காலை 9.

மறுநாள் காலையில் அதே சட்டை. ஆஸ்பத்திரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. பங்காரம்மா சாய்ந்து கண்ணயர்ந்தார். கோவிந்தராஜுலு, எழுத்து அழிந்துவிடாமல், இறங்கும்வரை முதுகைச் சீட்டில் சாய்க்காமலே உட்கார்ந்திருந்தார்.