ஜவாரித் தயிர்சாதம்

தேங்காய் எண்ணெயில் கடுகு வெடித்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் பொரிகிற வாசனை வந்தால் போதும், யுத்தகாலத்தில் நாங்கள் குடியிருந்த மாதுங்காவின் இரண்டாம் மாடி வீட்டுக்கே நான் போய்விடுவேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் தம்பி அம்பி மாமா, டைப்ரைட்டிங் பரீட்சை தேறி, பாலக்காட்டிலிருந்து வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஊரில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்ததால், வேலை கிடைக்காமல் அவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். சங்கடம் என்னவென்றால், மாமாவுக்கு ரேஷன் கார்டு இல்லை. அப்பா, அம்மா, நான், தம்பி என்று நாலு பேருக்கு அளந்த அரிசியில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும். அந்த அரிசியும் வரவரக் குறைந்து, மிச்சத்துக்கு "ஜவாரி" என்று நம் வெள்ளைச் சோளத்தைப் போட்டார்கள். அரிசியைத் தவிர மற்றதெல்லாம் பலகாரம் என்று நினைக்கிற குடும்பம் எங்களுடையது. ஜவாரி மூட்டை பிரிக்கப்படாமல் மூலையில் கிடந்தது.

கடைசியில் தயிர்சாதம் விழாவிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஒரு நாள் என் தட்டில் அது ஒரே ஒரு பிடி விழுந்தபோது, முன்னறையில் மாமா இருப்பது தெரிந்தே உரக்கக் கேட்டேன்: "மாமா வந்ததுலேர்ந்து எனக்கு வயிறே ரொம்பலை. எப்பம்மா ஊருக்குப் போவார்?" அம்மா தொடையில் கிள்ளினாள். அன்றிலிருந்து மாமா மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். "இந்த ஊர் ஜலம் எனக்கு ஒத்துக்கலை அக்கா, ஞாயித்துக்கிழமை வண்டிக்குக் கிளம்பறேன்" என்றார். அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலையிலேயே ஜவாரி மூட்டையைப் பிரித்தாள். சோளத்தை முழுசாக அரிசி மாதிரி களைந்து உலையில் போட்டு, மத்தியானம் வரை கரியை எரித்துத் தீர்த்தும் அது கல்லாகவே கிடந்தது. அடுத்த வீட்டு மராட்டிய அம்மாளை நாங்கள் "காக்கூ" என்போம். அவள் பானையை எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தன் திரிகையில் புதுச் சோளத்தை நொய்யாக உடைத்துக் கொடுத்து, இதற்குக் "கண்யா" என்று பெயர், இப்படித்தான் வேகவைக்க வேண்டும் என்று கையாலும் ஜாடையாலும் சொன்னாள். அம்மா அதைக் குழைய வேகவைத்து, ஆறவிட்டு, பாலும் தயிரும் விட்டுப் பிசைந்து தாளித்துக் கொட்டினாள். தயிரில் இஞ்சியா என்று காக்கூவுக்கு ஒரே ஆச்சரியம்.

"என்னதாக்கும் இது?" என்றார் அப்பா.

"தயிர்சாதம்தான். பேசாம சாப்பிடுங்கோ."

பிறகு அம்மா பானையோடு மாமா முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அம்பி, நன்னாப் பாரு, வாய் வரைக்கும் இருக்கு. இதுல ஒரு மணி அரிசி கிடையாது. யார் பங்கும் இல்லை, சாப்பிடு."

மாமா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கண் கலங்கியதற்கு மிளகாயைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வண்டி அவர் இல்லாமல் போயிற்று. கொஞ்ச நாளில் ஒரு மில் ஆபீசில் வேலையும், பின்னாலேயே கார்டும் கிடைத்தன.

போன மாதம் செம்பூர் ஹோட்டல் ஒன்றில் என் பேத்தி "சிறுதானியத் தயிர்சாதம்" வரவழைத்து, மாதுளை முத்துக்களைக் கிளறிக்கொண்டே, என்ன புதுமை பாட்டி என்றாள். ரேஷன் க்யூ போயிற்று, காக்கூவின் திரிகை போயிற்று, அந்தக் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். மாமாவும் இல்லை. கடைசிவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவார். நான் இரண்டாம் முறை சாதக் கரண்டியை எடுத்தால் இலையைக் கையால் மறைத்து, "போறும்மா, குழந்தைகளுக்கு இருக்கட்டும்" என்பார். டின் நிறைய அரிசி இருக்கிற வீட்டில் இது என்ன பேச்சு என்று என் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அந்தக் கையை விலக்கி ஒரு கரண்டி போடும் தைரியம் ஒரு வருஷமாவது எனக்கு வந்ததில்லை.