பேர் வராத லயம்

சி என்ற கணினி மொழியில் ஓர் ஆணை உண்டு. திரையில் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து நிற்கிறதோ, அதை அப்படியே படித்து எடுத்துக்கொள்ளும். யார் தட்டியது, எப்போது தட்டியது என்று கேட்காது. எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போவில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை செய்த நான், அதைக் கற்றுக்கொண்டு தலைகால் புரியாமல் ஆடினேன்.

அந்தச் சமயம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர்களுக்கு ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட் பக்கம் வீடு கொடுப்பதாக ஏற்பாடு. யார் யாருக்கு என்ற பட்டியலைத் தயாரிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. பெயர்களை நானே தட்டினேன். இறந்தவர் என்றால் திரையின் வலது மூலையில் ஒரு நட்சத்திரம் போட வேண்டும். என் புரோகிராம் திரையைப் படித்து, நட்சத்திரம் இல்லாதவர்களை மட்டும் அச்சிடும். ஒருவர் முடிந்ததும் பெயர் வரியை அழிக்கச் சொல்லியிருந்தேன். மூலையை அழிக்கச் சொல்ல மறந்துவிட்டேன். கடைசியாகத் தட்டியது எங்கள் லயம், அதாவது எங்கள் வரிசை வீடுகள்; அதன் முதல் பெயர் முந்தின வருடம் செத்துப்போன ஒருவருடையது, பட்டியலிலேயே முதல் நட்சத்திரமும் அவருக்குத்தான். அவருடைய நட்சத்திரம் மூலையிலேயே நிற்க, அதைக் கவனிக்காமல் இன்னும் பதினொரு பேரைத் தட்டினேன். அதில் ஒன்று அம்மாவின் பெயர்.

பட்டியலை அனுப்பிய வாரத்தின் சனிக்கிழமை, நான் தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் எல்லாரும் இருந்தார்கள், ஆனால் ஒரு ரேடியோகூடப் பாடவில்லை. வாசலுக்கு வாசல் மூட்டை கட்டி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்தும் ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கள் வாசலில் அம்மாவும் ஒரு மூட்டையோடு இருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"காலையில பெரட்டுல கிராணி வீட்டு லிஸ்டு படிச்சாருலா. எங்க பேரு வரல. வந்துட்டோம்."

"ஏன்னு கேக்கலயா?"

"பேரு வரலன்னா திரும்பிடணும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டத்து எழுத்தரான கிராணி பேர் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. வாயைத் திறக்காமல் வீடு திரும்பி முப்பது வருடம் பழகியவர்கள் அவர்கள்.

"மூட்டை எதுக்கு? எங்க போறீங்க?"

"யாருக்குத் தெரியும்?" என்றார் அம்மா.

ஈப்போவுக்கு ஓடினேன். பெயர்களை மறுபடி தட்டிப் பார்த்தபோது, அழியாமல் மூலையில் நின்ற அந்த நட்சத்திரத்தைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்றவளை என் கையாலேயே செத்தவர்களோடு சேர்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை, திருத்திய பட்டியலோடு நானும் பெரட்டில் நின்றேன். கிராணி அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். முன்வரிசையில் நின்ற அம்மா என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"நல்லா பாத்துட்டியா? நான் இருக்கேனா?"