நடுவிரலுக்கு ஒரு பிரேக்

ஆல்ப்ஸ் மலையடியில் மோர்சீன் ஊரில் ரொட்டிக்கடை நடத்தும் ஓடீலுக்கு, மாவு பிசையும் இயந்திரத்தில் வலது ஆள்காட்டி விரல் போய்விட்டது. காயம் ஆறிய வாரமே மலைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கஸ்தோனின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"இனிமே நடுவிரலாலதான் வலது பக்கத்துப் பின்பிரேக்கைப் பிடிக்கணும். எது சரிப்படும்?"

"உன் வாய்க்கு ஒரு பிரேக் போட்டாப் போதும்னுல்ல நெனச்சேன்!" என்று சிரித்தான் கஸ்தோன். "இந்தா, இருக்கிறதுலயே பலமானது இதுதான்."

அவன் மாட்டிக் கொடுத்த ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கோடு ரோப்காரில் மேலே போய், வேர்கள் புடைத்த காட்டுப்பாதையில் இறங்கினாள். நடுவிரல் லேசாகப் பட்டதுமே பின்சக்கரம் இறுகி வழுக்கி, அவளைச் சேற்றில் தள்ளியது. சிராய்த்த முழங்கையோடு கடைக்குத் திரும்பினாள்.

"அடுத்ததை மாட்டு."

"இன்னைக்குப் போதும், ஓடீல்."

"ரெண்டையும் ஒரே பாதையில ஓட்டினாத்தானே வித்தியாசம் தெரியும்? மாட்டுப்பா."

இரண்டாவது பிரேக் பலத்தில் ஒரு படி குறைவுதான். ஆனால் அவள் எவ்வளவு அழுத்தினாளோ அவ்வளவே பிடித்தது. அதே வேர்களின் மேல் சக்கரம் வழுக்காமல் உருண்டபடியே வேகம் தணிந்தது. அடிவாரத்துக்கு வந்தபோது நடுவிரல் விண்விண்ணென்று வலித்தது. ஓடீல் மறுபடியும் ரோப்கார் வரிசையில் போய் நின்றாள்.