பிழைக்கு ஒரு வெடிச்சத்தம்

கொழும்பில் எங்கே எப்போது குண்டு வெடிக்கும் என்று தெரியாமல் நாங்கள் வேலைக்குப் போய்வந்த காலம். பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அதுவரையான போர் வருடங்களை லண்டனில் கழித்துவிட்டு வந்திருந்த எங்கள் மனேஜர் ஒருநாள் ஓர் ஒலிக்கோப்பைத் தந்தார்.

"பிள்ளை, ஆராவது இலக்கம் பிழையா அடிச்சால் இது கேக்க வேணும். அப்பதான் திருந்துவினம்."

கேட்டுப் பார்த்தேன். குண்டு வெடிக்கும் சத்தம்.

"சேர், இது வேண்டாம்."

"சொன்னதைச் செய்யும்."

நிரலில் ஒரு வரி போதும். வேலை போய்விடுமென்று பயந்து எழுதினேன்.

மறுநாள் பக்கத்தில் இருந்த மல்காந்தி ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தாள். ஸ்பீக்கர் அதிர்ந்தது. அந்தச் சிங்களப் பெண் என்னை மேசைக்குக் கீழே இழுத்து, என்மேல் கவிழ்ந்துகொண்டாள். "பயப்படாதே" என்று சிங்களத்தில் சொன்னாள். அவள் உடம்பெல்லாம் நடுங்கியது.

மனேஜர் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல பகிடி, என்ன?"

எழும்பி, அவர் கண்முன்னாலேயே அந்த வரியை அழித்தேன்.

"உமக்கு வேலை வேண்டாமோ?"

"உங்களிட்டை வேண்டாம்."

போரில் கொடியவர்களைக் கண்டு பயந்திருக்கிறேன். இந்த மனிதர்மேல் எனக்கு அருவருப்பு மட்டுமே மிஞ்சியது. வெறுப்பதற்குக்கூட ஓர் ஆள் கொஞ்சம் பெரியவராக இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.