நான் விழுங்கிய வரி

கொழும்பில், பொரளை மயானத்தின் வாசலைத் தாண்டி, பேஸ்லைன் வீதியில் வடக்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சென்ற வருடம், ஐப்பசி மழைக்கு முந்திய ஒரு பின்னேரம். அக்காவை அடக்கம் செய்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அக்காவின் வேதக்கோயில் ஆட்கள் கொட்டாஞ்சேனைக்குத் திரும்ப வாடகை வான் பிடித்திருந்தார்கள். நான் ஏறவில்லை. ஒருகொடவத்தையில் லொறிகள் நிற்கும். ஏதாவது ஒன்றில் ஏறி எங்காவது போய்விடலாம் என்பதுதான் திட்டம். பதினாறு வயதிலிருந்து நான் அப்படித்தான். ஓரிடம் வலித்தால் அடுத்த ஊர். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. செங்கல் சூளை, மீன்வாடி, ஹோட்டல் அடுப்படி எல்லாம் பார்த்தாயிற்று. எனக்கென்று இருந்த ஒரே விலாசம் கொட்டாஞ்சேனையில் அக்காவின் அறை.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று கேள்விப்பட்டுத்தான் அந்த முறை திரும்பி வந்தேன். ஒப்பரேஷனுக்கு முன் அவளோடு என்னையும் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். சிங்களத்தில் இருந்தது. ஒரு தாதி வாசித்துச் சொன்னார்: உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலும் சம்மதம் என்று அர்த்தமாம். வைத்தேன். கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை. தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் அக்கா என்னைப் பக்கத்தில் இருத்திச் செபம் சொல்லுவாள். கர்த்தர் கற்பித்த செபத்தில் 'உமது திருவுளம் மண்ணுலகிலும் நிறைவேறுக' என்று வருமே, அந்த வரி வந்ததும் என் வாய் மூடிக்கொள்ளும். சொன்னால் அவளைக் கொண்டுபோகச் சம்மதம் கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு கையெழுத்து ஏற்கனவே வைத்தாயிற்று. இரண்டாவதை வைக்க நான் தயாரில்லை.

அவளுக்கு அது விளங்கிவிட்டது. "கள்ளா, திரும்பவும் விழுங்கிட்டாய். டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸால இறங்கிறவன் மாதிரி அந்த இடத்தில மட்டும் நழுவுறாய்" என்பாள். சிரித்தால் தையல் இழுக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

கடைசி மாலை சிரிக்கவில்லை. "இண்டைக்கு மட்டும் என்னோட சேர்ந்து முழுசாச் சொல்லடா. தனியச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு."

"நாளைக்குச் சொல்லுறன், அக்கா."

அவள் தனியாகத்தான் சொன்னாள். விடியுமுன் போய்விட்டாள்.

குழியருகில் ஃபாதர் அதே செபத்தைச் சொன்னார். அங்கும் அந்த வரியை நான் சொல்லவில்லை. இந்த முறை கோபத்தில். கைப்பிடி மண் போட்டு நிமிர்ந்ததும், அக்காவோடு செபக் கூட்டத்துக்குப் போகும் அம்மா ஒருவர் அருகில் வந்தார். "தம்பி, வெள்ளவத்தையில ஒரு ஐயாவுக்குப் பக்கத்தில இருக்க ஆள் தேடுகினம். பிள்ளையள் எல்லாம் கனடாவில. உங்களைச் சொல்லட்டோ?"

"ஒருத்தியைப் பார்த்த இலட்சணம் போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் நடக்கத் தொடங்கினேன்.

ஒருகொடவத்தையில் ஹட்டனுக்குப் போகும் லொறி ஒன்று கிடைத்தது. டிரைவர் மலையகத்துக்காரர், என் வயதுதான். ஏறச் சொன்னவர், என் வெள்ளைச் சட்டையையும் மண் படிந்த கையையும் பார்த்து நிறுத்தினார்.

"சாவு வீட்டுல இருந்து நேரா வாறீங்களா? குளிக்காம ஏத்த மாட்டேன். முன்னால முருகன் படம் வச்சிருக்கேன்."

"நான் வேதக்காரன்."

"அப்ப ரெண்டு சாமியையும் என்னால சமாளிக்க ஏலாது. அந்தா பைப் இருக்கு, தலைக்கு ஊத்திட்டு வாங்க."

லொறி கழுவும் குழாய். சட்டையோடு அதன்கீழ் குந்தினேன். நகத்துக்குள் இருந்த மயானத்துச் செம்மண் கரைந்து வடிகானுக்குள் ஓடியது. அக்காவின் குழியிலிருந்து என்னிடம் மிஞ்சியது அவ்வளவுதான், அதையும் நானே கழுவுகிறேன் என்று தோன்றியது. அப்போதுதான் உறைத்தது. கடவுள் என்னிடம் சம்மதம் கேட்கவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டதால் அவளுக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை. கேட்டவள் அக்கா. பயத்தில், துணைக்கு ஒரு குரல் கேட்டாள். அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

வாய்க்குள் தண்ணீர் போகப் போக அந்த வரியைச் சத்தமாகச் சொன்னேன். ஆறுதல் எதுவும் வரவில்லை. டிரைவர் ஹோர்ன் அடித்தார்.

"ஏறுறீங்களா, இல்லையா?"

"இல்லை."

"நல்ல ஆளுதான். குளிக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றபடி அவர் போய்விட்டார்.

ஈரச் சட்டையோடு கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன். அக்காவின் அறைக்குப் போகுமுன் அந்த அம்மாவின் கதவைத் தட்டி, வெள்ளவத்தை விலாசத்தைக் கேட்டு வாங்கினேன்.

அடுத்த நாள் காலை அந்த ஐயாவின் பிளாட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். துடைத்துவிடுவது, கஞ்சி பருக்குவது, பக்கத்தில் இருப்பது. அவர் சைவர். கஞ்சி குடித்ததும் தேவாரம் தொடங்கி, பாதியில் நின்று, "தனியப் படிச்சா மறந்து போகுது. நீரும் சேர்ந்து படியும்" என்றார். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. நாளைக்கு என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. "மெதுவாச் சொல்லுங்கோ ஐயா, பின்னால வாறன்" என்றேன். ஒரு வரியும் விடாமல் அவர் பின்னால் சொல்லி முடித்தேன்.

என் செபத்திலும் இப்போது அந்த வரியை விழுங்குவதில்லை. நம்பித்தான் சொல்கிறேனா என்று கேட்டால், சில நாள் ஓம், பல நாள் இல்லை. ஆனால் சொல்லும் ஒவ்வொரு முறையும், ஒரு நாள் பிந்திச் சொல்கிறேன் என்பது தெரிந்தே சொல்கிறேன்.