பொன்னுத்தாய் அக்கா குவைத் போகவில்லை

“யாரு பாப்பா அந்தக் குருவி?”

பொன்னுத்தாய் அக்கா என்னிடம்தான் இப்படிக் கேட்டார்.

பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கப் பிடிக்காமல், போன வருஷம் தில்லை நகரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். மருந்துக் கடைக்கு மேலே ஒரே அறை, கிறீச்சிடும் ஃபேன். என் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் அக்கா. ஐம்பத்திரண்டு வயது. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக ஆயா. டியூட்டி முடிந்து, டிபன் பையோடு நேரே வருவார்.

“எங்களைப் பத்திப் பேசணும்னா நர்சுங்க இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க. என்னதான் பேசுதுங்கன்னு தெரிஞ்சுக்கணும்” என்பார்.

ஒரு சனிக்கிழமை சார் ஊர்வம்பு பேசுவதற்கான இங்கிலீஷ் சொல்வழக்குகளைப் போர்டில் எழுதினார். யார் சொன்னது என்று காட்டிக்கொடுக்காமல் இருக்க, ‘எ லிட்டில் பேர்ட் டோல்ட் மீ’. ரகசியத்தை உளறிவிட்டால், ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’.

“குருவி, பூனைன்னு இத்தனை வேணுமா? நாம காதைக் கடிச்சாப் போதும்” என்றார் அக்கா. சார்கூடச் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் எதிர்வீட்டு சுப்ரஜா அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் அதே ஆஸ்பத்திரியில் பில் கவுண்டரில் இருக்கிறார். “இந்த வயசுல எதுக்கு இங்கிலீஷ்?” என்று கேட்டார்.

“வெளிநாடு கிளம்புறாங்களோ என்னவோ” என்றேன். சும்மாதான் சொன்னேன்.

பத்து நாளில் ஆஸ்பத்திரி முழுக்க அது குவைத் ஆகி, விசாவும் வந்துவிட்டது. தலைமை நர்ஸான மேட்ரன், பொன்னுத்தாய் அக்காவைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளைப் போடப்போவதாகச் சொல்லிவிட்டார். யார் சொன்னது என்று கேட்டால், ‘லிட்டில் பேர்ட்’ என்றாராம்.

அப்போதுதான் அக்கா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவருக்கு என்மேல் சந்தேகமே இல்லை. நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கே போய், “நான்தான் அக்கா” என்றேன்.

அக்கா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தார். “சோத்துல கை வச்சிட்டியே பாப்பா” என்றார். பிறகு கையைப் பிடித்து மேட்ரன் அறைக்குள் கூட்டிப்போனார்.

“மேடம், திஸ் இஸ் த பேர்ட். ஐ நாட் கோயிங் குவைத்.”

மேட்ரன் சிரித்துவிட்டார். நான் நடந்ததை முழுக்கச் சொன்ன பிறகுதான், “சரி, மூணாவது மாடிக்குப் போங்க, வேலையைப் பாருங்க” என்றார்.

அந்த வகுப்பு இப்போது இல்லை. மாடியில் ஜிம் வந்துவிட்டது. அந்த வழியாகப் போனால், படியில் அக்கா பிரிக்கும் எலுமிச்சைச் சோற்றின் வாசனை இன்னும் வருவது போலிருக்கும்.

இன்னமும் தென்னூர் மார்க்கெட்டில், “குவைத்துக்கு எப்ப கிளம்புறீங்க?” என்று அக்காவைக் கேட்கிறார்களாம். என்னால் பத்து நாளில் பரவியதை ஒரு வருஷமாகத் திரும்ப வாங்க முடியவில்லை. அதனால் இதைப் படிக்கிறவர்கள், அக்கா குவைத் போகவில்லை என்று நாலு பேரிடமாவது சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், என் பெயரையே சொல்லுங்கள்: ஸ்ரீரங்கம் செண்பகவல்லி.